சார்பகம் சொல்லாமல் விட்ட கணக்கு

பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி போன வாரம் கேட்டாள்: "விடை வந்தால் போதாதா தாத்தா? சார்பகம், வீச்சகம் எல்லாம் எதற்கு?"

சார்பு என்பது நம் ஆதம்பாக்கத்து மாவு மில் மாதிரி என்றேன். எதையெல்லாம் உள்ளே போடலாமோ அது சார்பகம். வெளியே வருவதெல்லாம் சேர்ந்து வீச்சகம். 1/x என்றால் பூஜ்யத்தைப் போட முடியாது. பூஜ்யம் வெளியே வரவும் வராது.

பிறகு ராமானுஜன் கதையைச் சொன்னேன். 1912-ல் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், அவருடைய கணக்குகளை லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று, 1+2+3+4+... என்று முடிவில்லாமல் கூட்டினால் விடை –1/12! இது பிழை, விரியும் தொடர்களில் பையன் வழுக்கி விழுந்துவிட்டார் என்று அந்த டிசம்பரில் ஹில் பதில் எழுதினார்.

ஹில் சொன்னதிலும் நியாயம் உண்டு. 1/1ˢ + 1/2ˢ + 1/3ˢ + ... என்ற தொடரில் s ஒன்றைவிடப் பெரிதாக இருந்தால்தான் கூட்டுத்தொகை கிடைக்கும். அந்தச் சார்பகத்தில் வீச்சகம் 1-க்கு மேற்பட்ட எண்கள் மட்டுமே. குறை எண் வர வழியே இல்லை. ஆனால் ஜெர்மனியின் ரீமான் 1859-லேயே இந்தச் சார்பின் சார்பகத்தை, 1 நீங்கலாக, சிக்கலெண்கள் அனைத்துக்கும் விரித்திருந்தார். விரிந்த சார்பில் s = –1 என்று போட்டால் வருவது –1/12. அது சாதாரணக் கூட்டல் அல்ல.

ரீமானின் வழியை அறியாமலே ராமானுஜன் தம் சொந்த வழியில் அந்த விடைக்கு வந்திருந்தார். ஆனால் எந்தப் பொருளில் அது 'கூட்டுத்தொகை' என்று விளக்கவில்லை. 1913 பிப்ரவரி 27 அன்று ஹார்டிக்கு எழுதும்போது, இதைச் சொன்னால் என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்வீர்கள் என்ற பொருள்பட அவரே எழுதினார். ஹார்டி அப்படிச் சொல்லவில்லை. 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் கப்பலேறினார்.

"எந்த எண்களுக்கு என்று சொல்லாமல் விட்டால், சரியான விடையும் தப்பாகத் தெரியும்மா" என்று முடித்தேன்.

பேத்தி நோட்டை எடுத்து, விட்டிருந்த இரண்டு கணக்குகளுக்குச் சார்பகம் எழுதினாள்.