எட்டுச்செலவுப் படையலில் ஒரு போத்தலும் சுருட்டும்



பெரியப்பாவின் எட்டுச்செலவு வென்ட்வேர்த்வில்லில் அவருடைய மூத்த மகள் வீட்டில் நடந்தது. படத்துக்கு முன்னால் சோறு, மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல் எல்லாம் படைத்து, பக்கத்தில் ஒரு ஜொனி வோக்கர் பிளாக் லேபிள் போத்தலும் ஒரு சுருட்டும் வைத்தார்கள். சுருட்டு, பேரன் சிட்னி நகரத்தில் பெரிய விலை கொடுத்து வாங்கிவந்த கியூபாச் சுருட்டு. பெரியம்மா அதை எடுத்து மணந்து பார்த்தார். "இது அவற்ர சுருட்டு இல்லை, அப்பன்" என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டார்.

பேரனுக்கு முகம் விழுந்துவிட்டது. விஸ்கிக்குச் சுருட்டுத்தான் பொருத்தம், வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களின் பழக்கம் அது என்று வேலையிடத்தில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செத்த வீட்டில் சரித்திரம் கதைப்பது அழகல்ல என்று நான் பேசாமல் இருந்தேன். அன்று அவனுக்குச் சொல்லாததை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

ஆங்கிலேயர் 'செரூட்' என்று சொல்வது நமது 'சுருட்டு' என்ற சொல்தான். சிங்களவரும் 'சுருட்டு' என்றே சொல்வார்கள். 1887இல் வெளிவந்த முதலாவது ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலைகாரன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். அந்த அளவுக்கு லண்டனில் நமது சரக்குக்குப் பெயர் இருந்தது.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசர் வழியாக நம் பக்கம் வந்தது. யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் அவர்களிடம் வீழ்ந்தது, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னர் தென்னிலங்கைதான் சுருட்டுக்குப் பெரிய சந்தையானது. கிணற்றிலிருந்து துலா மிதித்துத் தண்ணீர் இறைத்து வளர்த்த இலையை வெட்டி, குடிலில் தொங்கவிட்டு, தென்னம் பொச்சை எரித்துப் புகையூட்டி, பாடம் போட்டு, கோடாவில் தோய்த்து, கையால் சுற்றி எடுக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பு அதில் இருக்கும்.

பெரியப்பா 1950களின் நடுவில், பதினான்கு வயதில், தெற்கே ஒரு சிறு பட்டணத்துச் சுருட்டுக்கடையில் போய் நின்றார். அந்த நாட்களில் சிங்கள ஊர்களில் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடை இல்லாத சந்தி குறைவு. முன்னுக்குச் சுருட்டும் வெற்றிலை பாக்கும், பின்னுக்குப் பெடியள் படுக்கிற பாய். சிங்களம் அவர் அங்கேதான் படித்தார். கணக்கு முடிக்கிற இரவில் முதலாளி தென்னஞ்சாராயம் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, ஒரு சுருட்டும் கொடுப்பாராம். சுருட்டுக்குத் துணை அப்போது சாராயந்தான்.

1958 கலவரத்தில் கடை சூறையாடப்பட்டது. கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு திரும்பிப் போய்ச் சொந்தமாகவே ஒரு கடை போட்டார். அது 1977 ஆகஸ்டில் எரிந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்து வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியதும் அதே வருடக் கடைசியில்தான். "என்ர கடை போக, ஸ்கொச் வந்தது" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

அந்த ஸ்கொச்சும் பெரிய மனிதர் வீட்டில் பிறந்ததல்ல. ஜோன் வோக்கர் என்பவர் 1820இல் ஸ்கொட்லாந்தின் கில்மார்னொக்கில் ஒரு பலசரக்குக் கடை திறந்தார். 1830களில் ஈனியஸ் கொஃபியின் வடிகலன் வந்ததும் தானிய விஸ்கியை மலிவாக, இலேசாக வடிக்க முடிந்தது. 1860இல் சட்டம் இடம் கொடுத்தபின், கடைக்காரர்கள் அதைக் காரமான மோல்ட் விஸ்கியோடு கலந்து விற்றார்கள். தேயிலை கலக்கிற கைகள் சாராயத்தையும் கலந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் லேபிள் என்ற பெயர் 1909இல்தான் வந்தது. மெல்பேர்ண் நேயர்களுக்கு ஒரு செய்தி: ஸ்கொட்லாந்துக் கம்பனி ஒன்று ஜீலோங் பக்கத்தில் கோரியோவிலேயே வடிசாலை கட்டி, 1929 முதல் பல ஆண்டுகள் விஸ்கி வடித்தது.

கலப்பு விஸ்கி சுருட்டுக்கு ஏன் ஒத்துப்போகிறது? தானிய விஸ்கியின் மென்மையும் ஓக் பீப்பாவின் இனிப்பும் நாக்கில் புகையின் காரத்தை ஆற்றும். யாழ்ப்பாணச் சுருட்டு கியூபாச் சுருட்டைவிட முரடு. ஆகவே பெரியப்பா விஸ்கிக்குச் சரிபாதி தண்ணீர் விடுவார். ஒரு மிடறு, ஒரு இழுப்பு. புகையை உள்ளே விழுங்கமாட்டார். சுருட்டு அணைந்தால் அவசரப்படாமல் திரும்பப் பற்றவைப்பார். பத்து வருடங்களுக்கு முன்பே வைத்தியர் இரண்டையும் நிற்பாட்டச் சொன்னார். விஸ்கியைக் குறைத்தார்.

முன்பெல்லாம் ஊருக்குப் போய் வருகிறவர்கள் ஒரு கட்டுச் சுருட்டாவது கொண்டுவருவார்கள். 2012 வரை வரியில்லாமல் 250 கிராம் புகையிலை விட்டார்கள். 2017இலிருந்து 25 கிராம் மட்டும். மதுபானம் மட்டும் 2.25 லீற்றர் கொண்டுவரலாம். அதனால்தான் படையலில் போத்தல் சரியாக இருந்தது, சுருட்டு மாறிப்போனது.

31ஆம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவினர் ஒருவர் கடதாசியில் சுற்றி மூன்று சுருட்டுக் கொண்டுவந்தார். விமான நிலையப் படிவத்தில் எழுதிக் காட்டியே கொண்டுவந்ததாகச் சொன்னார். பெரியம்மா ஒன்றை எடுத்து மணந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டு, நெருப்புப்பெட்டி எடுத்துவரச் சொன்னார்.