நங்கூரம் பொறித்த இரும்புத் தொப்பி

1942ஆம் ஆண்டு சித்திரை 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று காலையில், யப்பானியக் கடற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள்களின் பின்னர், 9ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஆழ்ந்தது. இவற்றைப் பெரியோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர் நாம். வானில் வந்த யப்பானியரை இலங்கை கண்டது. ஆனால், அதே கடற்படையைச் சேர்ந்த தரைப்போர் வீரர் இங்கே கரையிறங்கவில்லை. வேறு பல கரைகளில் அவர்கள் இறங்கினார்கள். அவர்கள் தலையில் அணிந்த இரும்புத் தொப்பிகளை எவ்வாறு இனங்காண்பது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

"தொப்பியிலே என்ன வரலாறு இருக்கிறது?" என்று வாசகர் சிலர் வினவுதல் கூடும். பாடநூல்களில் அரசர்களையும் தளபதிகளையும் உடன்படிக்கைகளையும் படிக்கிறோம். சாதாரணப் போர்வீரனோ தன் கதையை எழுதிவைப்பது அரிது. அவன் விட்டுச்சென்ற பொருள்களே பல வேளைகளில் அவனைப்பற்றிக் கிடைக்கும் ஒரே ஏடு. அந்த ஏட்டைப் பிழையாக வாசித்தால், ஒருவன் மடிந்த மரணம் வேறொருவன் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

முதலில் அவ்வீரர் யாவரென அறிதல் வேண்டும். யப்பானியக் கடற்படை, கரையிறங்கிப் போரிடுவதற்கெனத் தனிப்படைகளை வைத்திருந்தது. யொக்கோசுக்கா, கூரே, சசெபோ, மைசுரு ஆகிய நான்கு பெருந்துறைகளின் பெயரையும் அவை பெற்றிருந்தன. 1932இல் சங்காய் நகரிலும், 1941 மார்கழியில் வேக் தீவிலும், 1942இல் துலாகியிலும் மில்ன் குடாவிலும், 1943இல் தராவாவிலும் போரிட்டவை இப்படைகளே. தரைப்படையினரின் தொப்பியில் முன்புறம் ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தது. கடற்படையினரின் தொப்பியில் நங்கூரம் இருந்தது. புறத்தே தெரியும் முதல் வேறுபாடு இதுவே.

இனி, தொப்பியின் வடிவங்களை நோக்குவோம். காலத்தால் முந்தியவற்றுள் ஒன்று, முதலாம் உலகப்போரிற் பிரெஞ்சுப் படையினர் அணிந்த அட்றியன் தொப்பியை ஒத்தது. உச்சியில் நீண்டதொரு முகடு அதன் அடையாளம். அடுத்தது, உச்சியிற் காற்றுத் துளைகளும், அவற்றை மூடச் செறிப்பூ வடிவிலமைந்த சிறு தகடும் உடையது. இவ்விரு வகைகளும் குறைந்த தொகையினவாதலால், நங்கூரத்தோடு கூடியவை இன்று மிக அரியனவாகிவிட்டன. மூன்றாவதே 'தொண்ணூறாம் வகை' எனப்படுவது. ஒரே தகட்டை அழுத்தி வனைந்த அரைக்கோளமும், சுற்றிவரக் குறுகிய விளிம்பும் உடையது. இரண்டாம் உலகப்போர்ப் படங்களில் நாம் பெரும்பாலுங் காண்பது இதனையே.

'தொண்ணூறு' என்பது யாது? யப்பானியர் தம் முதற் பேரரசர் அரியணை ஏறியதாகக் கருதும் ஆண்டிலிருந்து ஓர் ஆண்டுக் கணக்கு வைத்திருந்தனர். அக்கணக்கின்படி 2590ஆம் ஆண்டின் ஈற்றிலக்கங்களே அவை. 2590இலிருந்து 660ஐக் கழித்தால் 1930 வரும். பொருள்களிற் காணப்படும் பிறிதோர் ஆண்டுக் கணக்கு, 'ஷோவா' என்னும் பேரரசரின் ஆட்சியாண்டு. அதனோடு 1925ஐக் கூட்டுதல் வேண்டும். ஷோவா 17 என்றிருந்தால் அது 1942. இவ்விரு கணக்கையும் அறியாதவர் ஆண்டைப் பிழையாகச் சொல்ல நேரும்.

இத்தொண்ணூறாம் வகை, குரோமியமும் மொலிப்தினமும் கலந்த உருக்கினாற் செய்யப்பட்டது. தகடு மெல்லியது; குண்டுச் சிதறல்கள் அதனை எளிதிற் துளைத்தன. உள்ளே தோலினால் ஆன மூன்று மெத்தைகளும், தலையைத் தாங்கும் வாரும், மோவாயிற் கட்டும் நீண்ட துணி நாடாக்களும் உண்டு. பழைய சாமுராய் வீரர் தம் கவசத்தைக் கட்டிய முறையை ஒத்ததே இந்நாடாக் கட்டு. தரைப்படைக்கும் கடற்படைக்கும் கூடு ஒன்றேயாதலால், இங்கேதான் மயக்கமும் மோசடியும் தோன்றுகின்றன.

நட்சத்திரத் தொப்பிகள் ஏராளம். நங்கூரத் தொப்பிகள் சில. ஆகவே நங்கூரத்துக்கு விலை அதிகம். விலை அதிகமான இடத்திலே கள்ளமும் நுழையும். நட்சத்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாய் வார்த்த நங்கூரமொன்றைப் பொருத்தி விற்போர் உளர். ஊர்காவற் படையினருக்கும் தீயணைப்போருக்குமென மலிந்த தகட்டிற் செய்த தொப்பிகளையும் இவ்வாறே மாற்றிவிடுகின்றனர்.

இதனைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? முதலாவது, சின்னத்தின் அடியை நோக்குக. பல்லாண்டு ஓரிடத்திற் கிடந்த சின்னத்தைச் சூழ்ந்து மையும் துருவும் ஒரே சீராகப் படிந்திருக்கும். நங்கூரத்தின் பின்னே நட்சத்திரத்தின் நிழல் தெரியுமாயின், அல்லது பொருந்தாத பழைய துளையொன்று இருக்குமாயின், ஐயங்கொள்க. இரண்டாவது, தொப்பியைக் கவிழ்த்து உள்ளே நோக்குக. சின்னத்தைப் பிடித்திருக்கும் உலோக நாக்குகள் பழையனவா, அண்மையில் மடித்தனவா எனப் பார்க்க. கடற்படை ஏற்றுக்கொண்ட பொருள்களிற் சிறு நங்கூர முத்திரை மையினாற் குத்தப்படுவது வழக்கம். தோலிலோ துணியிலோ அது மங்கலாய்த் தெரிதல் கூடும். நிறத்தை மாத்திரம் நம்புதல் தகாது. போர்க்காலத்திலும் பின்னரும் பல தொப்பிகள் மீளப் பூசப்பட்டன.

மூன்றாவது சான்றே யாவற்றினும் சிறந்தது. அஃது எழுத்து. கடற்படை வீரன் ஒவ்வொருவனுக்கும் ஓர் இலக்கம் உண்டு. அவ்விலக்கத்தின் முன் அவன் சேர்ந்த துறையின் பெயரிலிருந்து ஓரெழுத்து வரும். அடுத்து, அவன் தொண்டனாய்ச் சேர்ந்தவனோ கட்டாயத்தாற் சேர்க்கப்பட்டவனோ என்பதும், அவன் தொழிலும் குறிக்கப்படும். இத்தகைய வரியும் ஒரு பெயரும் தொப்பியினுள்ளே மங்கலாயினும் கிடைத்தால், எந்த உலோகச் சின்னத்தினும் அது வலிய சாட்சியாகும். நெற்றியிலுள்ள நங்கூரத்தை எவரும் மாற்றிவிடலாம். உள்ளே வியர்வையோடு ஊறிய எழுத்தை மாற்றுவது எளிதன்று.

இத்தொப்பிகள் ஏன் அருகின? தராவாவின் பெசியோ தீவை நினைத்துப் பார்க்க. 1943 கார்த்திகை 20 முதல் 23 வரை அங்கே போர் நடந்தது. கெயிஜி ஷிபாசாக்கி என்னும் கடற்படைத் தளபதியின் கீழ், கொரியத் தொழிலாளரும் உட்பட ஏறத்தாழ 4,800 பேர் இருந்தனர். போரின் முடிவிற் சிறைப்பட்ட யப்பானிய வீரர் 17 பேர். கொரியர் 129 பேர். ஏனையோர் மடிந்தனர். அமெரிக்கர் பக்கத்திலும் ஆயிரம் பேரளவில் மாண்டனர். இத்தகைய தீவுகளிலே தொப்பிகள் மண்ணுக்குள்ளும் கடலுக்குள்ளும் போயின. சில அமெரிக்க வீரரின் பைகளில் நினைவுப்பொருளாய்க் கடல் கடந்தன. யப்பானிலோ போருக்குப்பின் பஞ்சம். இரும்புத் தொப்பிகளைச் சமையற் சட்டிகளாக மாற்றினர். தலையைக் காக்க வந்தது வயிற்றைக் காத்தது!

இன்று அப்போர்வீரரின் கொடிகளும் உடைமைகளும் சில, அவற்றில் எழுதிய பெயர்களைக்கொண்டு யப்பானிய குடும்பங்களிடம் திரும்பச் சேர்க்கப்படுகின்றன. எலும்புகூட வீட்டுக்கு வராத மகனின் பெயரைப் பேரப்பிள்ளைகள் அங்கே வாசிக்கிறார்கள். ஆகவே, உண்மையான நங்கூரத்தைப் போலியினின்று பிரித்தறிவது விலைபேசுவோரின் கவலை மாத்திரமன்று. கள்ளச் சின்னம் பொருத்துவோன் வாங்குபவனை ஏமாற்றுவதோடு நில்லாது, அத்தொப்பியை அணிந்து மடிந்தவனின் வரலாற்றையும் அழித்துவிடுகிறான்.

இளைஞர்காள்! எங்கேனும் பழம்பொருளொன்று உங்கள் கைக்கு வந்தால், அதனைத் துடைத்து மினுக்க விரையாதீர்கள். துருவையும் அழுக்கையும் அப்படியே விட்டு, முதலில் அதனைக் கவிழ்த்து உள்ளே பாருங்கள். அங்கே ஒரு பெயர் இருத்தல் கூடும்.