பூந்தமல்லி குருமடமும் தொடரும் சீடத்துவமும்

சென்னைக்கு மேற்கே பூந்தமல்லியில் அமைந்துள்ள திரு இருதயக் குருமடம் 1936-இல் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் சென்னைப் பேராயராகப் பொறுப்பேற்ற சலேசிய சபைத் துறவி லூயி மத்தியாஸ் இதனை நிறுவினார். மறைமாவட்டங்கள் குருமடங்களை அமைக்க வேண்டும் என்று 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் ஆணையிட்டிருந்தது. குருமடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு நாற்றங்கால் என்பதே பொருள். பொருத்தமான பெயர்தான், நாற்று அங்கேயே விளைவதில்லை.

இங்கு மெய்யியலும் இறையியலும் பயில்வோர் திருத்தொண்டராகி, பின் குருப்பட்டம் பெறுகின்றனர். அத்துடன் பயிற்சி முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுவதுண்டு. ஆனால் குருப்பட்டத்திற்குப் பின்னும் பயிற்சி தொடர வேண்டும் என 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதை விரிவாக வலியுறுத்தினார். 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி நெறிமுறை, மெய்யியல் பயிலும் காலத்திற்குச் 'சீடத்துவப் படிநிலை' என்றே பெயரிட்டது. இப்பெயர், சீடத்துவம் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேறிவிடும் பாடம் என்ற மயக்கத்தைத் தரலாம். குரு வாழ்நாள் முழுவதும் சீடரே என்று அதே நெறிமுறை தெளிவுபடுத்துகிறது.

இதன் கடினம் பங்குத்தளத்தில்தான் தெரியும். குருமடத்தில் மணியடித்தால் செபம். ஆன்ம வழிகாட்டியும் அருகிலேயே இருப்பார். பங்கில் கோயில் கணக்கு, பள்ளி நிர்வாகம், நோயாளர் சந்திப்பு ஆகியவற்றுக்கிடையே செபத்திற்கான நேரத்தைக் குருவே ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.