தர்மராஜ் சேரலாதன்

தர்மராஜ் சேரலாதன் (பிறப்பு 1975) தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த கபடி ஆட்டக்காரர். தடுப்பாட்டத்தில் வலது கார்னர் அவருடைய இடம். 2016 அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியின் பதினான்கு பேரில் ஒருவர். அதே ஆண்டு ஜூலையில், புரோ கபடி லீகின் நான்காம் பருவத்தில், பட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றவர். உலகக் கோப்பையின்போது அவருக்கு வயது 41. லீகின் எட்டாம் பருவத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் அணியில் இடம்பெற்றபோது 46. இந்த வயதுக் கணக்கே அவரைப் பற்றிய பேச்சில் முன்னால் வந்து நிற்கிறது. வயதை வென்ற அதிசய மனிதர் என்று சொல்லிவிட்டால் வியக்கலாம், விளக்கம் கிடைக்காது. அவருடைய நீண்ட ஆட்ட வாழ்க்கைக்கான காரணத்தை அவர் நின்ற இடத்தில்தான் தேட வேண்டும். கார்னர் என்பது கால் வேகத்தைவிடக் கணிப்பை அதிகம் கேட்கும் இடம். கணிப்பு, வேகத்தைப் போல முப்பது வயதில் தேயத் தொடங்குவதில்லை.

கார்னரின் வேலை

ஆடவர் ஆட்டத்தில் ஒரு அணியின் பாதிக் களம் 6.5 மீட்டர் ஆழமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் கோடு, அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. பாடி வருபவருக்கு, அதாவது ரெய்டருக்கு, ஒரு ரெய்டில் கிடைப்பது 30 விநாடி. யாரையும் தொடாமல் திரும்புவதானால் பால்க் கோட்டையாவது அவர் தாண்டியிருக்க வேண்டும். ஆகவே அவர் உள்ளே வந்தே தீருவார். வந்தவர் திரும்பியும் ஆக வேண்டும். இரு ஓரங்களிலும் ஆழத்தில் நிற்கும் கார்னர்கள் காத்திருப்பது அந்தத் திரும்பும் கணத்துக்காக. ஒரு நொடி முந்திப் பாய்ந்தால் ரெய்டர் நழுவுவார், தொட்ட புள்ளியும் அவருக்கே போகும். பிந்தினால் அவர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். கணுக்கால் பிடியோ தொடைப்பிடியோ விழுந்த பிறகும் வேலை முடியவில்லை. பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரர்கள் வந்து அடைக்கும்வரை அந்தப் பிடி தாங்க வேண்டும். அடைக்க ஆள் வருமா என்று தெரியாமல் பாய்வதை 'அட்வான்ஸ் டேக்கிள்' என்று வர்ணனையாளர்கள் குறை சொல்வது இதனால்தான். நல்ல கார்னரின் பாதி வேலை, பாயாமல் இருக்க முடிவெடுப்பது. அவர் பாயாத ரெய்டு வெறுமனே முடிந்தால் அது ஏட்டில் யார் பெயரிலும் ஏறாது. அப்படி இரண்டு ரெய்டுகள் வெறுமையானால், மூன்றாவது ரெய்டில் எதிரணி புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் பாடி வந்தவர் வெளியேற வேண்டும். அந்த 'டூ ஆர் டை' நெருக்கடியில் வேறொருவர் ரெய்டரைப் பிடித்துப் பெயர் வாங்கலாம். அதற்கு வழி செய்தது முந்தைய இரண்டு முறை கார்னர் காத்த பொறுமை.

எண்ணில் அகப்படாத இந்த உழைப்பு கபடிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கால்பந்தில் 'டைட் எண்ட்' என்றொரு இடம் உண்டு. தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் அவர் சில நேரம் பந்தைப் பிடிப்பார். பல நேரம் எதிராளியைத் தடுத்து, பந்தோடு ஓடும் சக ஆட்டக்காரருக்கு வழி திறப்பார். பிடித்த பந்துகளுக்குக் கணக்கு உண்டு: 1997 முதல் 2013 வரை 17 பருவங்கள் ஆடிய டோனி கொன்சாலெஸ் 1,325 முறை பந்தைப் பிடித்தார் என்று சொல்ல முடிகிறது. திறந்துவிட்ட வழிகளுக்கு அப்படியொரு அதிகாரபூர்வக் கணக்கு இல்லை. அந்த இடத்தில் ஆடியவர்களில் முதலாமவராக மைக் டிட்கா அந்த ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டதே 1988-இல்தான். பந்தெறிபவரை வீழ்த்தும் 'சாக்' என்ற செயலைத் தனிநபர் கணக்கில் அமெரிக்கக் கால்பந்தின் லீக் சேர்த்ததும் 1982 முதல்தான். அதற்கு முன் ஆடியவர்கள் யாரையும் வீழ்த்தவில்லை என்று எவரும் வாதிடுவதில்லை.

39 வயதில் தொடங்கும் ஏடு

சேரலாதனை மதிப்பிடும்போது, ஏட்டில் இல்லாததை நடக்காததாகக் கொள்ளக் கூடாது என்ற இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. புரோ கபடி லீக் தொடங்கியது 2014 ஜூலையில். அப்போது அவருக்கு வயது 39. ஒவ்வொரு பிடியும் ஒளிப்பதிவாகி எண்ணாக மாறிய காலம் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் கடைசிப் பகுதியோடு மட்டுமே ஒட்டுகிறது. மண் களத்தில் பழகி, பிறகு காலணி மாட்டி மேட் தளத்துக்கு வந்த தலைமுறை அவருடையது. அந்தத் தலைமுறையின் நல்ல ஆண்டுகள் ஊர்ப் போட்டிகளிலும் தொலைக்காட்சி எட்டாத அரங்குகளிலும் கழிந்தன. ஏடு தொடங்கிய பிறகு கிடைக்கும் சான்றுகளோ தெளிவானவை. தொடக்கத்தில் பெங்களூரு புல்ஸ், 2016-இல் பட்னா, 2017-இல் புனேரி பல்தான், 2018-இல் யூ மும்பா, 2019-இல் தலைவராக ஹரியானா ஸ்டீலர்ஸ், பிறகு ஜெய்ப்பூர் என்று அணிகள் அவரைத் தேடி எடுத்தன. உலகக் கோப்பையில் அவருக்குத் தலைவராக இருந்த ரெய்டர் அனூப் குமார் அவரைவிட எட்டு வயது இளையவர். அனூப் 2018 டிசம்பரில் ஓய்வை அறிவித்துவிட்டார். அடுத்த ஆண்டு, 44 வயதில், ஹரியானாவை பிளே-ஆஃப் சுற்றுக்கு அழைத்துச் சென்றார் சேரலாதன். லீகில் மொழி பேதமின்றி எல்லோரும் அவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். வயதுக்கான மரியாதை அதில் உண்டு. களத்தின் ஓரத்தில் நின்று மற்றவர்களை நிறுத்துவதும் அடக்குவதும் அவர் பொறுப்பு என்ற ஒப்புதலும் உண்டு.

மறுப்புகள்

இந்த மதிப்பீட்டுக்கு எதிராக மூன்று மறுப்புகளைச் சொல்லலாம். முதலாவது, பட்னாவின் வெற்றி அதன் ரெய்டர் பர்தீப் நர்வாலின் வெற்றி என்பது. இதில் பலம் உண்டு. பட்னா மூன்றாம், நான்காம், ஐந்தாம் பருவங்களைத் தொடர்ந்து வென்றது; சேரலாதன் தலைமை நடுவில் ஒன்றுக்கு மட்டுமே. ஐந்தாம் பருவத்தில் அவர் இல்லாமலே, பர்தீப் 369 ரெய்டு புள்ளிகள் குவிக்க, சென்னையில் நடந்த இறுதிப் போட்டியில் குஜராத்தை 55-38 என்று அந்த அணி வீழ்த்தியது. எனவே சேரலாதன் இல்லாவிட்டால் பட்னா வென்றிருக்காது என்று கூற இயலாது. ஆனால் அந்த 55-38 என்ற எண்ணிக்கையையும், 2016 ஜூலையில் ஐதராபாத்தில் ஜெய்ப்பூரை வென்ற 37-29 என்ற எண்ணிக்கையையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரிகிறது. பின்னது எதிரணியை முப்பதுக்குள் நிறுத்திய ஆட்டம். ஒரு ஆட்டம் எதையும் நிரூபிக்காது. ஆயினும் கோப்பைக்கு ஒரே வழிதான் உண்டு என்ற எண்ணத்தை அது அசைக்கிறது.

இரண்டாவது, பதினான்கு பேரில் ஒருவராக இருப்பதும் உலகக் கோப்பையை வென்று தருவதும் ஒன்றாகுமா என்பது. ஆகாது. இடைவேளையில் 13-18 என்று ஈரானுக்குப் பின்தங்கியிருந்த இந்தியா 38-29 என்று வென்ற அந்த இறுதிப் போட்டியின் நாயகன் 12 ரெய்டு புள்ளிகள் எடுத்த அஜய் தாக்கூர். சேரலாதனின் இடம் காட்டுவது வேறொன்றை. தடுப்பாட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத நாட்டில், தேர்வாளர்கள் 41 வயதுக்காரரை இளைஞர்களுக்கு இணையாக எடைபோட்டு எடுத்தார்கள் என்பதே அது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: கார்னர் இடம் வயதைத் தாங்குமென்றால், மற்ற கார்னர்கள் ஏன் 46 வயதுவரை ஆடுவதில்லை? இடம் வாய்ப்பைத் தருகிறது, உறுதியைத் தருவதில்லை என்பதே இதற்கு விடை. பாய்ந்து பிடிக்கும் ஒவ்வொரு முறையும் முழங்காலும் தோளும் விலை கொடுக்கின்றன. உடலைக் காத்துக்கொள்ளும் கட்டுப்பாடு தனி மனிதரைப் பொறுத்தது. லீகின் தடுப்பாட்டப் புள்ளிகளில் முதலிடத்தில் இருக்கும் ஈரானியர் ஃபசல் அத்ராச்சலியோடு ஒப்பிட்டு, எண்ணிக்கையில் சேரலாதன் பின்தங்கியவர் என்போரும் உண்டு. எண்ணிக்கை உண்மைதான். ஆனால் ஃபசலின் கணக்கு இருபதுகளின் தொடக்கத்தில் தொடங்குகிறது, சேரலாதனின் கணக்கு நாற்பதை நெருங்கும்போது. 2018-இல் ஃபசல் தலைமையேற்ற யூ மும்பாவில் இடது மூலையில் அவரும் வலது மூலையில் சேரலாதனும் நின்றார்கள். பதினேழு வயது இடைவெளி கொண்ட இருவரை ஒரே தடுப்பின் இரு முனைகளில் நிறுத்த அணி தயங்காதது, கார்னர் இடத்தின் இயல்பைப் பட்டியலைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

2024-இல் நடந்த பதினோராம் பருவத்துக்குத் தமிழ் தலைவாஸ் அவரை உத்திப் பயிற்சியாளராக அமர்த்தியது. அப்போது உதயகுமார் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அந்தப் பருவத்தில் அணி பிளே-ஆஃபை எட்டவில்லை. ஒரு பருவத்தை வைத்துப் பயிற்சியாளரை எடைபோட முடியாது என்றாலும், மேலே சொன்ன வாதத்தின் எல்லை இங்கே தென்படுகிறது. கணுக்காலை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுக்கலாம். எந்தக் கணத்தில் பிடிக்காமல் விடுவது என்பதை அவர் பல ஆயிரம் ரெய்டுகளைப் பார்த்துச் சேர்த்தார். இளைய கார்னர்களும் நின்று பார்த்தே சேர்க்க வேண்டியிருக்கும்.