கைப்பிடி நாற்காலியும் மூன்று மீட்டர் தரையும்

தடுமாறி விழக்கூடிய முதியவரை முன்கூட்டியே அடையாளம் காண உலகெங்கும் செய்யப்படும் ஒரு சோதனைக்குக் கைப்பிடி வைத்த நாற்காலியும் மூன்று மீட்டர் தரையும் போதும். எழுந்து, நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 1986-இல் அது வெளியானபோது கடிகாரம்கூடக் கிடையாது. மத்தியாஸ், நாயக் இருவரோடு அதை உருவாக்கியவர், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் முதியோர் மருத்துவப் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் ஐசக்ஸ். முதுமையின் பூதங்கள் என்று அவர் சொன்ன நான்கில் தடுமாற்றமும் ஒன்று. பார்ப்பவர் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். 1 என்றால் இயல்பு, 5 என்றால் மோசம்; நடுவில் உள்ள மூன்றில்தான் ஆளுக்கு ஆள் கணக்கு மாறியது.

1991-இல் கனடாவின் மான்ட்ரியலில் டயேன் போட்சியாட்லோவும் சாண்ட்ரா ரிச்சர்ட்சனும் கடிகாரத்தைச் சேர்த்தார்கள். இருக்கையின் உயரம் சுமார் 46 செ.மீ. வழக்கமான செருப்பு, கைத்தடி இருந்தால் அதுவும். அவர்கள் பார்த்த 60 முதியவர்களில், 20 நொடிக்குள் முடித்தவர்கள் அன்றாட நடமாட்டத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். 30-ஐத் தாண்டியவர்களுக்குத் துணை தேவைப்பட்டது. நடமாட்டத்தை அளக்கத்தான் அந்தக் கணக்கு. விழுவாரா என்று ஆரூடம் சொல்ல அல்ல.

ஆனால் எண் கைக்கு வந்துவிட்டால் யார் விடுகிறார்கள்? 2000-இல் அமெரிக்காவில் வெறும் 30 பேரை வைத்துச் செய்த ஆய்விலிருந்து 13.5 நொடி என்ற எல்லைக்கோடு பிறந்து ஊரெல்லாம் பரவியது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வீட்டில் வாழும் முதியவர்களுக்கு இந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்று 2014-இல் எழுதினார்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் எல்லை 12 நொடி. 2022-இல் வந்த உலக வழிகாட்டுதல் நடைவேகத்துக்கு முதலிடம் தந்து, இதை 15 நொடி எல்லையோடு மாற்று வழியாக வைத்தது.

எனக்கு நொடியைவிட அந்தத் திருப்பம்தான் முக்கியம். காலூன்றிச் சட்டென்று திரும்புகிறாரா, உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாக வைத்துக்கொண்டு குட்டிக் குட்டி அடியாகச் சுற்றுகிறாரா? எழும்போது கைப்பிடியை எவ்வளவு அழுத்துகிறார்? இதெல்லாம் கடிகாரத்தில் பதிவாகாது. நல்லவேளை, அமெரிக்க மையத்தின் படிவம் நேரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. குறுகிய அடி, கை வீசாத நடை, சுவரைப் பிடித்தல், கட்டையாகத் திரும்புதல் என ஒவ்வொன்றுக்கும் அதில் தனிக் கட்டம் உண்டு. பதினோரு நொடியில் முடித்தவருக்கும் அவற்றைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.