சுமைதாங்கியும் தள்ளுவண்டியும்

என் ஆச்சியின் வலது நடுவிரலில் மேல்கணு கிடையாது. அறுபதுகளின் கடைசியில் கோட்டாறு கம்போளத்தில் ஒரு மண்டிக்குப் பருப்பு புடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் சுமட்டுக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், மூடை ஏற்றிய இரட்டைச் சக்கரத் தள்ளுவண்டி வாசலை மறித்து நின்றது. நகர்த்தப் போனவளின் விரல் கைப்பிடிக்கும் கதவுநிலைக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. “பொம்பளைக்கு வண்டியில என்ன சோலி?” என்று கேட்டாராம் கணக்கப்பிள்ளை. இரண்டு நாள் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பார்க்க, வண்டி வருவதற்கு முந்திய காலத்துக்குப் போகவேண்டும்.

கோட்டாறு மிகப் பழைய சந்தை. தாலமி குறிப்பிடும் கொட்டியாரா இதுதான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். இந்தப் பக்கத்துச் சந்தைகளுக்கு மீனும் மரச்சீனிக்கிழங்கும் கருப்பட்டியும் பெண்கள் தலையில்தான் வந்தன. சும்மாடு, அதன்மேல் கடவம். ‘பெண்ணால் முடியுமா’ என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

வழிநெடுக அவர்களுக்குச் சுமைதாங்கிகள் இருந்தன. நட்டு நிறுத்திய இரண்டு கல், மேலே கிடையாக ஒரு கல். கர்ப்பத்திலோ பிரசவத்திலோ இறந்தவளின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். இறக்காத சுமையோடு போனவள் பேரில் ஊரார் சுமை இறக்கினால் அவளுக்கு ஆறுதல் என்பது நம்பிக்கை. உயிரோடு இருந்தவளுக்கு இல்லாத அக்கறை செத்தபின் கல்லாகிறதே என்று எனக்கு உறுத்தும். ஆனால் கருவி என்ற முறையில் அது கச்சிதம். சுமையில் ஆபத்தான நேரம் ஏற்றும் நேரமும் இறக்கும் நேரமும்தான். கழுத்து பிசகுவதும் விரல் அடியில் சிக்குவதும் அப்போதுதான். தலை உயரத்தில் ஒரு கல் இருந்தால் குனியவும் வேண்டாம், இன்னொரு கையும் வேண்டாம். சரக்குப் போக்குவரத்தில் பெண்ணின் பேரால் நிறுத்தப்பட்ட கருவி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

சக்கரம் வந்தபோது கதை மாறியது. சரியாகச் சாய்த்த தள்ளுவண்டியில் பாரத்தின் பெரும்பங்கு அச்சின்மேல் நிற்கும். தள்ளுபவர் கையில் தங்குவது கொஞ்சம்தான். அப்படியானால் அது பெண்ணிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். கம்போளத்தில் நான் பார்த்தவரை வண்டியும் கொக்கியும் அட்டி போடுவதும் ஆண்களின் வேலை. புடைப்பது, பொறுக்குவது, சிந்தியதைக் கூட்டி அள்ளுவது பெண்களின் வேலை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஆண், பெண், இளையோர் தூக்கக்கூடிய எடைக்குத் தனித்தனி வரம்பு வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் எடையைக் குறைக்கும் கருவியைப் பெண் கையில் கொடு என்று அது சொல்லவில்லை.

வண்டியைப் பழக்கியும் கொடுக்கவில்லை. ஆனால் ஆள் இல்லாதபோது அதை நகர்த்தவேண்டியவள் அவள்தான். குறுகிய கிடங்கு வாசலில் கைப்பிடியின் வெளிப்புறத்தைப் பற்றிய விரல்கள்தான் முதலில் நிலையில் மோதும். கைப்பிடியை உள்ளடங்கி வைத்து, விரல்முட்டிக்கு முன்னால் ஓர் இரும்பு வளைவு பற்றவைத்தால் போதும். பெரிய செலவில்லை.

காயம்பட்ட பிறகு சட்டம் வருகிறது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் விரல்களுக்கு விலை இருந்தது: கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. நடுவிரலில் ஒரு கணு மட்டும் போனாலும் 7. ஆச்சிக்கு அந்த ஏழு கிடைத்திருக்குமா? கிடங்கு என்றால் ஒரே நாளில் குறைந்தது 10 பேர், சந்தை என்றால் 50 பேர் சரக்குக் கையாளும் வேலையில் இருந்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. நாலைந்து பேர் வேலை பார்க்கும் மண்டி அதில் அடங்காது. புடைப்பவள் ‘சரக்குக் கையாளுபவளா’ என்பதையே கேள்வியாக்கியிருப்பார்கள். அடங்கினாலும் விழுக்காடு கூலியை வைத்துத்தான் கணக்கிடப்படும். பாதிக்கூலிக்காரியின் விரலுக்குப் பாதி விலை. 1976-இல் சம ஊதியச் சட்டம் வந்தது. அது ஒரே மாதிரியான வேலைக்கு. மூடை தூக்குவதும் பருப்பு புடைப்பதும் வேறு வேறு வேலை என்று சொல்ல முதலாளிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொரு கோடும் குறுக்கே விழுந்தது. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அதனால் 1978-இல் கேரளம் சுமட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச்சட்டம் இயற்றியபோது கோட்டாறு எல்லைக்கு இந்தப் பக்கம். தமிழ்நாட்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல்தான் வந்தது. அதற்குள் ஆச்சி மண்டிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

காயத்துக்குப் பிறகும் வெகுகாலம் அதே மண்டியில்தான் புடைத்தாள். சுளகின் வலது ஓரத்தை மோதிரவிரலாலும் சுண்டுவிரலாலும் தாங்கப் பழகியிருந்தாள். எனக்குச் சுளகு பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நடுவிரலை மடக்கித்தான் இன்றும் நான் பிடிக்கிறேன்.