கொள்ளேகால் பட்டும் தேச நிர்மாணமும்

நம் இல்லக் கல்யாணங்களுக்குக் கூறைப்புடவை எடுக்கும்போது, அந்தப் பட்டு நூல் எங்கிருந்து வருகிறது என்று நாம் யோசிப்பதில்லை. கொள்ளேகால், அன்றைய சென்னை மாகாணத்தில் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பெயர்பெற்ற தாலுகா. 1799ல் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயர் வசமாகி, கோயமுத்தூர் ஜில்லாவில் சேர்ந்திருந்தது.

அணைகளும் உருக்காலைகளுமே தேசத்தை நிர்மாணிக்கும் என்று, விஞ்ஞானம் படித்த நான் இளமையில் நம்பியதுண்டு. ஆனால் சுதந்திர பாரதத்தின் முதல் சர்க்கார் பரம்பரைத் தொழில்களையும் கைவிடவில்லை. 1949ல் மத்திய பட்டு வாரியம் அமைந்தது. 1952ல் அகில இந்தியக் கைத்தறி வாரியமும் கைவினை வாரியமும் ஏற்பட்டன. கைவினை வாரியத்துக்கு ஸ்ரீமதி கமலாதேவி சட்டோபாத்யாய தலைமை வகித்தார்.

1956 நவம்பர் 1ந் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. 1997 முதல் அது சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. மல்பெரித் தோட்டங்கள் அங்கே, காஞ்சிபுரத் தறிகள் இங்கே என்றாயிற்று. ஆயினும் கன்னட நாட்டு நூல் நம் தறிகளுக்கு வருவது நிற்கவில்லை. எல்லை பிரித்ததைக் கல்யாணப் புடவை இணைத்து வைத்தது என்றே சொல்வேன். தேச ஒற்றுமைக்கு இதுவும் ஓர் அஸ்திவாரம்.

கைத்தறி, கைவினை வாரியங்கள் 2020ல் கலைக்கப்பட்டன. இனி பொறுப்பு நம்முடையது. அடுத்த கல்யாணத்துக்குப் புடவை எடுக்கையில் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று அங்கத்தினர்கள் பார்த்து வாங்க வேண்டுகிறேன்.